தீர்ப்பு மரம்: அல்சூரின் விளிம்பில் சிலுவையை வாசித்தல்

பெங்களூரில் எம்.ஜி. சாலை முடிந்து அல்சூர் தொடங்கும் ட்ரினிட்டி சர்க்கிளில் பரிசுத்த திரித்துவ ஆலயம் நிற்கிறது. 1851இல் பிரிட்டிஷ் படையினருக்கென்று எழுப்பப்பட்டது. உள்சுவர்களில் இறந்த படையினரின் நினைவுப் பலகைகள். ரோமப் படைவீரர் கையால் செத்த ஒருவரின் சின்னம் படைவீரர் கோயிலில் இத்தனை சகஜமாக எப்படி அமர்ந்தது?

சிலுவையைத் துன்பத்தின் சின்னமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். தவக்காலப் பிரசங்கங்கள் ஆணி, முள்முடி, குருதி என்று உடலிலேயே நின்றுவிடுகின்றன. நற்செய்திகளோ அறைந்ததை ஓரிரு சொற்களில் கடந்துவிட்டு, விசாரணையைத்தான் விரித்து எழுதுகின்றன. சிலுவை ஒரு தண்டனை. பெரும்பாலும் அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரியது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகசின் அடிமை எழுச்சியை நசுக்கியபின் ஏறத்தாழ 6,000 பேரை ஆப்பியன் சாலை நெடுக அறைந்தார்கள். வழிப்போக்கர் கண்ணில் பட வேண்டும், அதற்காகத்தான் சாலையோரம்.

இது தமிழருக்கு விளங்காத சங்கதியல்ல. நம்மிடம் கழுமரம் இருந்தது. காத்தவராயன் கதையில் கழுவேறியவனே தெய்வம். கழுவேற்றம் இன்றும் கூத்தாக நடக்கிறது. ஆனாலும் கிறித்தவத் தமிழில் கழுமரம் நுழையவில்லை. சிரியாக் வழிவந்த ‘சிலுவை’யும் போர்ச்சுக்கீசிய வழிவந்த ‘குருசு’ம் நிலைத்தன. இதில் ஓர் இழப்பு உண்டென்றே நினைக்கிறேன். கழுமரத்தைப் பொன்னில் செய்து கழுத்தில் போட யாருக்கும் மனம் வராது. சிலுவையைப் போட்டுக்கொள்கிறோம், அயற்சொல் அதன் அவமானத்தைத் துடைத்துவிட்டது.

சிலுவை ஒரு தண்டனைத் தீர்ப்பு என்பதைப் பக்தி மரபு முழுதாக மறக்கவில்லை. கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிகளில் செய்யும் சிலுவைப்பாதைக்கு 14 நிலைகள் என்று 1731இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் பாப்பரசர் வரையறுத்தார். முதல் நிலையில் காயம் இல்லை, இரத்தம் இல்லை. ஓர் ஆளுநர் தீர்ப்புச் சொல்கிறார், சனங்கள் முழந்தாளிடுகிறார்கள்.

பாவப் பரிகாரப் பலி என்ற விளக்கத்தை நான் தள்ளவில்லை. பவுலிடமே அது உண்டு. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம் அதைக் கடவுளின் மாண்புக்குப் பட்ட கடனாகக் கணக்கிட்டபோது, அந்தக் கணக்கில் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. யார் கொன்றாலும் கடன் தீர்ந்துவிடும். பேதுருவின் முதல் பிரசங்கம் அப்படிப் பேசவில்லை: மனிதர் கொன்றவரைக் கடவுள் எழுப்பினார் என்பதே அதன் சாரம். உயிர்ப்பு, அந்த வகையில், கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு ரத்து. ஆகவே சிலுவையின் ஆழ்பொருள், வலியைப் பொறு என்பதாக இருக்க முடியாது. அரசு குற்றவாளி என்று எழுதிவிட்டாலே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்பதே அது.

திரித்துவ ஆலயத்துச் சிப்பாய்களுக்கு இதை யாரும் பிரசங்கித்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை அவர்களும் ஆராதனையில் சொன்னார்கள். அதில் இயேசுவையும் மரியாளையும் தவிர ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் வருகிறது: பொந்தியு பிலாத்து, ரோம ஆளுநர்.