வால்டர் காடனும் டூ ஸ்ட்ரோக் பந்தய எஞ்சினும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நெடுங்காலம் மலிவான வண்டிகளுக்கு உரியதாகவே கருதப்பட்டது. அதனை கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வெல்லக்கூடியதாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் பொறியாளர் வால்டர் காடன் (1919–1996). சாக்சனி மாநிலத்தின் சோப்பாவ் நகரில் இருந்த எம்.இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை அவர் நடத்தினார். போருக்கு முன் அதே ஆலையில்தான் டி.கே.டபிள்யூ வண்டிகள் உருவாயின.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பெருங்குறை எளிதில் விளங்கக்கூடியது. எரிந்த புகை வெளியேறும் நேரத்திலேயே புதிய எரிபொருள் கலவையும் சிலிண்டருக்குள் நுழைகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். காடன் இதற்குப் புகைக்குழாயிலேயே தீர்வு கண்டார். புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துப் புதிய கலவைக்கு வழிவிடுகிறது. குழாய் மீண்டும் குறுகும் இடத்திலிருந்து திரும்பும் அழுத்த அலையோ, வெளியே வழிந்த கலவையைத் துளை மூடும் முன் உள்ளே தள்ளிவிடுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், அலையின் வேகத்தையும் குழாயின் நீளத்தையும் பொருத்தியே இது நடக்கிறது. இதனால் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே சீறும். அதற்குக் கீழே சோர்ந்துவிடும். காடன் இந்த அலைகளை அலைக்காட்டி என்னும் கருவியில் பார்த்துக் குழாயின் அளவுகளைத் திருத்தினார்.

இவை முழுவதும் அவருடைய கண்டுபிடிப்புகள் அல்ல. இத்தகைய குழாயை எரிக் வோல்ஃப் முன்பே டி.கே.டபிள்யூ பந்தய வண்டியில் பயன்படுத்தியிருந்தார். கலவையை உள்ளிழுக்கும் சுழல்தட்டு வால்வு டேனியல் சிம்மர்மன் என்பவரிடமிருந்து வந்தது. காடனின் சாதனை இவற்றை ஒன்றிணைத்து அளந்து செம்மைப்படுத்தியதில்தான் இருக்கிறது. 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதாவது லிட்டருக்கு 200 குதிரைத்திறன். காற்றழுத்தி இல்லாத எஞ்சின் அதுவரை எட்டாத அளவு.

அவ்வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் அந்த ஆண்டு உலகப் பட்டத்தை நெருங்கினார். ஆனால் ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் எல்லை அடைக்கப்பட்டது. செப்டம்பரில் சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்தில் அவருடைய எஞ்சின் பழுதாகி நின்றது. அங்கிருந்து அவர் டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குச் சென்றுவிட்டார், நாடு திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் ஒளிந்து எல்லையைக் கடந்தனர். பட்டம் ஹோண்டா வீரர் டாம் ஃபிலிஸுக்குச் சென்றது. புள்ளிகள் 44-க்கு 42. டெக்னர் இழந்தது அவ்வளவே.

டெக்னருக்கு ஏற்கெனவே சுசுகி நிறுவனத்தோடு உடன்பாடு இருந்தது. 1960இல் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறை இறங்கிய சுசுகி வண்டிகளுள் ஒன்றுகூட 125 சிசி பிரிவில் முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. டெக்னர் சில எஞ்சின் பாகங்களையும் வரைபடங்களையும் ஜப்பானுக்குக் கொண்டுசென்றதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அதைவிட அவர் தலையில் இருந்த அறிவே சுசுகிக்குப் பெரிதாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. அவர் வெறும் ஓட்டுநர் அல்ல, எஞ்சினை நன்கறிந்தவர். 1962இல் புதிதாகத் தொடங்கிய 50 சிசி உலகப் பட்டத்தை அவரே சுசுகிக்கு வென்று தந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டி வென்ற முதல் உலகப் பட்டம் அது.

இதனைத் திருட்டு என்றே பலர் எழுதுகின்றனர். ஆலையின் பார்வையில் அது சரியே. ஆனால் சுவர் எழுந்துவிட்ட நாட்டில் குடும்பத்தை வைத்திருந்த ஒருவருக்கு, வெளியேறும் வழிக்கான விலையாகக் கொடுக்க அந்த அறிவைத் தவிர வேறென்ன இருந்தது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

டெக்னருக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 1963இல் சுசுகா பந்தயத்தில் வண்டி தீப்பற்றிக் கடுமையான தீக்காயமடைந்தார்; 1983இல் டெனெரிஃப் தீவில் இறந்தார். சுசுகா தடத்தின் வளைவு ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஜப்பானிய நிறுவனங்களின் வளத்துக்கு எம்.இசட் ஈடுகொடுக்க முடியவில்லை. 1964இல் யமஹாவின் டூ ஸ்ட்ரோக் வண்டி 250 சிசி பட்டத்தையும், 1975இல் 500 சிசி பட்டத்தையும் வென்றது. 2011 வரை 125 சிசி பிரிவில் இவ்வகை எஞ்சின்கள் ஓடின. சோப்பாவிலேயே தங்கிவிட்ட காடனின் வண்டிகளுக்கு ஓர் உலகப் பட்டமும் கிட்டவில்லை.