169.254 என்று ஆரம்பித்தால்

போன மாசம் அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் நெட் நின்றுபோனது. அக்கா பையன் மறுநாள் சாயங்காலத்துக்குள் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பியாகணும். சரிபார்க்க வந்தவர் 127.0.0.1-க்கு பிங் அடித்தார், பதில் வந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். பத்து நிமிஷம் டிரைவரை நீக்கி, போட்டு, ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு, "கார்டு போயிடுச்சு, மதர்போர்டையே மாத்தணும்" என்றார். இரண்டு தீர்ப்புக்குமே ஆதாரம் கிடையாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நெட் வரலைன்னா நாம எல்லோரும் செய்கிற சடங்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து நோய்க்குக் கண்டுபிடித்த மருந்து. எது எதுக்கு என்பதுதான் மறந்துபோச்சு.

ஈதர்நெட் 1973-ல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. அதைப் பற்றிய முதல் குறிப்பை எழுதிய பாப் மெட்காஃப் பின்னாளில் 3காம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் ஐபிஎம் பிசிக்கு அவர்களுடைய ஈதர்லிங்க் கார்டு வந்தது. தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

ஒரு கார்டுக்குத் தகவல் வந்தால் "என்னைக் கவனி" என்று பிராசசரைக் கூப்பிட ஒரு கம்பி வேணும். அதுதான் ஐஆர்க்யூ. முதல் பிசியில் அப்படி மொத்தம் 8 கம்பிகள். 1984-ல் வந்த ஏடி மாடலில் இன்னொரு 8 சேர்ந்தது. கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, பிரின்டருக்கு 7 என்று பாதி முன்னாடியே பட்டா போட்டாச்சு. நோவெல் கொண்டுவந்த என்இ2000 கார்டையும் அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற மலிவு கார்டுகளையும் பலரும் வாங்கினார்கள். அவை பெரும்பாலும் ஐஆர்க்யூ 3 என்று வைத்தே வரும். அதே 3 இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் சொந்தம். அதில் மோடம் இருந்தால் முடிந்தது கதை. இரண்டும் தனித்தனியா நல்லா வேலை செய்யும், சேர்த்து வைத்தால் ஒன்று செத்த மாதிரி கிடக்கும். பெட்டியைத் திறந்து, கார்டில் இருக்கிற குட்டி ஜம்பரைப் பிடுங்கி வேற முள்ளில் மாட்டணும். எந்த எண்ணை எதுக்குக் கொடுத்தோம்னு ஒரு தாளில் எழுதியும் வைச்சுக்கணும்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்தப் பஞ்சாயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிளக் அண்ட் பிளே, டிவைஸ் மேனேஜர், மஞ்சள் ஆச்சரியக்குறி எல்லாம் அப்போ வந்தவை. சில சமயம் தப்பாகவும் பங்கு பிரிக்கும், அதனால் 'பிளக் அண்ட் பிரே' என்று கிண்டல் பண்ணினார்கள். கார்டை நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணினால் மறுபடி பங்கு பிரிக்கும், ஒருவேளை இந்தத் தடவை சரியா அமையும். அந்தச் சடங்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. டிரைவர் கெட்டிருந்தால் இன்றைக்கும் பலிக்கும், மற்றபடி நேரம் போறதுதான்.

பிங் வேற வம்சம். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலிதான் பெயருக்குக் காரணம். அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா என்று கேட்கும், அவ்வளவுதான். ஆனா 127-ல் தொடங்கும் முகவரிக்கு அடித்தால் கேள்வி கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே போகாது. இயங்குதளத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். கார்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு அடித்துப் பாருங்க, அப்பவும் பதில் வரும்!

கடைசி அடுக்கு முகவரி. ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கப் பயன்படும் டிஎச்சிபி 1993-ல் எழுதப்பட்டது. கொடுக்க ஆள் இல்லைன்னா? விண்டோஸ் 98 ஒரு வழி செய்தது: 169.254-ல் ஏதோ ஒரு முகவரியைக் கம்ப்யூட்டரே குத்துமதிப்பா எடுத்து, "இது யாருக்காவது சொந்தமா?" என்று கம்பியில் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளும். ரவுட்டரே இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். 2005-ல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சன் ஆட்கள் சேர்ந்து எழுதிய ஆவணத்தில் அது பொது விதியானது. நாம அதைப் பிழைச்செய்தி மாதிரி படிக்கிறோம். உண்மையில் அது கார்டு உயிரோட இருக்கு என்பதற்குச் சாட்சி. கேபிள் கழன்றிருந்தால் விண்டோஸ் அந்த முகவரியைக்கூடக் காட்டாது, இணைப்பு இல்லைன்னே சொல்லிவிடும்.

அக்கா வீட்டில் ஐபிகான்ஃபிக் அடித்தேன். 169.254-ல் ஒரு முகவரி. கேபிள் சொருகிற இடத்தில் பச்சை விளக்கும் எரிந்தது. சரி, கார்டு இருக்கு, டிரைவர் இருக்கு, பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி வரைக்கும் கம்பியும் இருக்கு. முகவரி கொடுக்கிறவர்தான் இல்லை. கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனேன். அது ரவுட்டருக்குப் போகலை, மேசைக்கு அடியில் இருந்த சின்ன சுவிட்சுக்குப் போச்சு. அந்த சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் ஒயர், வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டதோ என்னமோ, பாதி வெளியே வந்து தொங்கிக்கிட்டிருந்தது.