நிறுத்தி வைத்த காணி: 'வக்பு' என்ற சொல்லின் வேர்

எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் ஒருநாள் கேட்டான்: "சேர், குர்ஆன்ல நிப்பாட்டி ஓதுற இடத்தையும் வக்பு எண்டுறாங்க. பள்ளிக் காணியையும் வக்பு எண்டுறாங்க. ரெண்டும் ஒண்டா?"

ஒன்றுதான் என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

வாவ், காஃப், ஃபா என்ற மூன்று எழுத்துகளால் ஆன வினைவேர் இது. நிற்றல், நிறுத்துதல் ஆகிய இரண்டுக்கும் 'வகஃப' என்ற ஒரே வடிவம் போதும். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் இம்ரஉல் கைஸின் முஅல்லகா இவ்வேரின் ஏவல் வினையோடுதான் தொடங்குகிறது. குர்ஆனில் இவ்வேர் நான்கு இடங்களில் வருகிறது (6:27, 6:30, 34:31, 37:24). நான்கும் மறுமையில் மனிதர் நிறுத்தப்படும் காட்சிகள். துல்ஹஜ் 9இல் ஹாஜிகள் அரபாவில் தரித்திருப்பது 'வுகூஃப்'. வளைகுடாவுக்கு உழைக்கப் போய்வந்த எங்கட ஆக்களுக்கு 'மவ்கிஃப்' என்றால் பஸ் தரிப்பிடம்.

அறக்கொடை என்ற பொருளில் இச்சொல் குர்ஆனில் இல்லை. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரழி) கேட்டபோது, மூலத்தைத் தடுத்து வைத்து விளைவைத் தர்மம் செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த ஹதீஸில் வருவது தடுத்து வைத்தலைக் குறிக்கும் 'ஹபஸ' என்ற வேர். அதனாலேயே மொரோக்கோ பக்கம் வக்பை 'ஹுபுஸ்' என்கிறார்கள். அந்த நிலத்தை விற்கவோ, அன்பளிக்கவோ, வாரிசாகப் பெறவோ முடியாது. ஆக, இங்கு நிறுத்தப்படுவது உடைமை கைமாறுவதுதான். வெள்ளாமையும் தேங்காயும் நிற்பதில்லை. அவை ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமும் இச்சொல்லைத் தம் பெயரிலேயே ஏற்றன. பள்ளிவாசல் பதிவும் நம்பிக்கையாளர் நியமனமும் இன்றும் அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியேதான்.

ஆனால் வாவிக்கரை ஊர்களில் எங்கட மூத்தவங்க பலர் வாயால்தான் வக்பு செய்தார்கள். "இந்தத் தென்னை பள்ளிக்கு" என்றால் ஊருக்கே அது உறுதி. சொன்னவரும் கேட்டவரும் மௌத்தாகிவிட்டார்கள். 1990 இடப்பெயர்வில் இருந்த உறுதிகளையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. எனக்குத் தெரிந்த ஒரு வளவில், காணி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலிதான் வருசா வருசம் நடக்கிறது. பேரப்பிள்ளைகளைக் கேட்டால், "வக்பு எண்டு எங்க எழுதியிருக்கு?" என்கிறார்கள்.

குர்ஆன் பிரதிகளில் சில இடங்களில் 'மீம்' என்ற சிற்றெழுத்து இருக்கும். அங்கு நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தாவிட்டால் கருத்தே மாறிப்போகும். பள்ளிக் காணிக்கும் அப்படியோர் அடையாளம் வேண்டும். ஊரில் மிஞ்சியிருக்கும் மூத்தவர்களிடம் எல்லைகளைக் கேட்டு, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பதிவேட்டில் எழுதிவைப்போம். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.