ஃபெராரி கார்களில் கியர்முறை

இத்தாலியின் மரனெல்லோவில் 1947-இல் உருவான முதல் ஃபெராரி, 125 எஸ், ஐந்து கியர்களைக் கையால் மாற்றும் கார். இன்று அந்நிறுவனம் விற்கும் புதிய கார் எதிலும் கிளட்ச் மிதி இல்லை. இந்த மாற்றம் பந்தயத் தடத்தில் தொடங்கிச் சாலைக்கு வந்தது.

கைக்கியர் காலத்தின் அடையாளம் திறந்த கியர்த்தகடு. கியர் கம்பியின் அடியைத் தோலுறையால் மூடாமல், பள்ளங்கள் வெட்டிய உலோகத் தகட்டை வெளியே தெரிய வைத்தார்கள். 308, டெஸ்டரோஸா, எஃப்40 போன்ற ஐந்து கியர் கார்களில் முதல் கியர் இடப்பக்கம் பின்னால் இருந்தது. பந்தயத்தில் அடிக்கடி தேவைப்படும் இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பதே காரணம். எண்ணெய் சூடேறும்வரை இரண்டாம் கியர் எளிதில் விழாது. பழகியவர்கள் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவுவார்கள். கம்பி தகட்டில் தட்டி எழுப்பும் ‘கிளிக்’ ஒலி இயந்திரத்துக்கும் கைக்கும் நடுவே எதுவுமில்லை என்பதை உணர்த்தும்.

இதற்கு ஒரு விலக்காக, 1976-இல் வந்த 400 என்ற சாலைக் கார் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த மூன்று கியர் தானியங்கியோடும் கிடைத்தது.

திருப்புமுனை 1989-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார் 640. இதை வடிவமைத்த ஜான் பர்னார்ட், ஓட்டுநர் இருக்கைப் பகுதியைக் குறுக்கிக் காற்றோட்டத்தைச் சீராக்க விரும்பினார். அதற்குக் கியர் கம்பியும் அதன் இணைப்புத் தண்டுகளும் தடையாக இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, ஸ்டீயரிங்கின் பின்புறம் இரு விசைத்தகடுகளைப் பொருத்தினார். விரலால் இழுத்தால் ஹைட்ராலிக் அழுத்தம் கியரை மாற்றும். கை ஸ்டீயரிங்கை விட்டு அகலாது. தவறான கியர் விழுந்து எஞ்சின் சிதையும் ஆபத்தும் குறைந்தது. இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஃபெராரியின் பொறியாளர் மாவ்ரோ ஃபோர்கியேரி 1970-களின் இறுதியிலேயே பொத்தான் கியரைச் சோதித்தார் என்றும், அணியின் ஓட்டுநர் ஜீல் வில்னவ் அதை விரும்பவில்லை என்றும் கூறப்படுகிறது.

சோதனை ஓட்டங்களில் 640 அடிக்கடி நின்றுபோனது. கைக்கியர் மாற்று ஏற்பாடு வேண்டும் என்று நிர்வாகத் தரப்பில் வலியுறுத்தியதாகவும் பர்னார்ட் மறுத்ததாகவும் பல நூல்கள் சொல்கின்றன. 1989 மார்ச் 26 அன்று ரியோ டி ஜெனிரோவின் ஜகரபகுவா தடத்தில் ஃபெராரி ஓட்டுநர் நைஜல் மான்செல் ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்டார். இடையில் நின்று ஸ்டீயரிங்கையே மாற்றிக்கொண்டார். அப்படியும் வென்றார். முதல் பந்தயத்திலேயே கிடைத்த அந்த வெற்றியைப் பந்தய வரலாற்றின் அரிய நிகழ்வுகளுள் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது. அவ்வாண்டு மான்செல், அவருடைய அணித்தோழர் கெர்ஹார்ட் பெர்கர் இருவரின் கார்களும் முடிவுக்கோட்டை எட்டியபோதெல்லாம் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தன. எட்டாத பந்தயங்களே அதிகம். அந்தப் பழுதுகளுக்குக் கியர்பாக்ஸைக் குறை கூறுவோர் உண்டு. எஞ்சின் அதிர்வால் ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்று மின்சாரம் தடைப்பட்டதே காரணம் என்பது பர்னார்டின் தரப்பு. எப்படியாயினும் சில ஆண்டுகளில் மற்ற அணிகள் அனைத்தும் இம்முறைக்கு மாறின.

சாலைக் காரில் இது 1997-இல் எஃப்355 வழியே வந்தது. அது முழுமையான தானியங்கி அன்று. கைக்கியர் கார்களுக்குரிய அதே ஆறு கியர் பெட்டிதான், ஆனால் கிளட்ச்சையும் கியர் மாற்றத்தையும் ஹைட்ராலிக் அழுத்தம் இயக்கியது. மெதுவாகச் செல்கையில் குலுக்கியது; மேட்டில் பின்னோக்கி நகர்த்தினால் கிளட்ச் தேய்ந்தது. 2002-இன் என்ஸோவில் கைக்கியர் தரப்படவே இல்லை. 2007-இன் 430 ஸ்குடேரியாவில் கியர் மாறும் நேரம் 60 மில்லி விநாடியாகக் குறைந்தது. மனிதக் கைக்கு எட்டாத வேகம் அது.

2008-இன் கலிஃபோர்னியா, ஒற்றைப்படை கியர்களுக்கும் இரட்டைப்படை கியர்களுக்கும் தனித்தனிக் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டியைக் கொண்டுவந்தது. அதே மாடலில் மிகச் சில கார்கள் மட்டும் கைக்கியரோடு வெளிவந்தன. அவற்றின் எண்ணிக்கையில் ஏடுகள் வேறுபடுகின்றன. 2009-இன் 458 இத்தாலியா இரட்டைக் கிளட்ச்சோடு மட்டுமே வந்தது.

2019-இன் எஸ்எஃப்90 எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி கொண்டது. அதில் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லை, அந்த வேலையை மின்மோட்டார்கள் செய்கின்றன. கைக்கியர் மறைந்த பின்னும், எஃப்430, 599 ஜிடிபி ஆகியவற்றின் கைக்கியர் கார்கள் பழைய கார்ச் சந்தையில் அதே மாடலின் விசைத்தகட்டுக் கார்களைவிடக் கணிசமாகக் கூடுதல் விலைக்குப் போகின்றன.