செமினியைத் தேடினால் காஜாங்கில் கிடைக்கும்

இணையத்தில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துச் சிற்றூரான செமினியின் பெயரைத் தட்டினால், விடியலைப் பார்க்கப் புரோகா குன்றில் ஏறியவர்களின் படங்கள் வரிசைகட்டி வரும். 2005-இல் இங்கே வந்த நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் வரும். வீடு விற்கும் விளம்பரங்கள் கேட்காமலே வரும். ரிஞ்சிங் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம் மட்டும் வராது.

அப்படியொரு படமே இல்லை என்று உடனே கைவிட வேண்டியதில்லை. காலனிக் காலப் படங்களுக்குக் குறிப்பு எழுதியவர்கள் சிற்றூரைப் பெரிதாக எண்ணவில்லை. மாவட்டம், கம்பெனி, துரை என்றே எழுதிவைத்தார்கள். ஆகவே தேடுபவர் உலு லங்காட், காஜாங், சிலாங்கூர் ரப்பர் என்று சுற்றித்தான் செமினிக்கு வர வேண்டும். காஜாங் வழியில் ஒரு நியாயமும் இருக்கிறது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர்களில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் உண்டு. 1890-களில் அவர்கள் நட்ட இஞ்ச் கென்னத் தோட்டம் காஜாங்கில்தான் இருந்தது.

பெயர் மாறிய இடங்களுக்குப் பழைய பெயரே சாவி. போர்ட் கிள்ளானைத் தேடுகிறவர் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று கேட்க வேண்டும். 1901-இல் திறந்த அத்துறைமுகம் 1972 வரை அந்தப் பெயரோடுதான் இருந்தது. துன் சம்பந்தன் சாலையின் பழைய படங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்ற பெயரில் கிடக்கும்.

படங்களோ உலகெங்கும் சிதறியிருக்கின்றன. மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் கிளைன்குரோத்தே, 1907 வாக்கில் மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அவர் எடுத்த படங்களை நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் தேடலாம். கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ராயல் காமன்வெல்த் சொசைட்டியின் சேகரிப்பு இருக்கிறது. லண்டன் தேசிய ஆவணக் காப்பகம் காலனி அலுவலகத்தின் ஆசியப் படங்களை ஃபிளிக்கரில் போட்டிருக்கிறது. கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாரா. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகம்.

இவற்றைப் புரட்டும் தமிழருக்கு ஓர் எரிச்சல் நிச்சயம். துரையின் பெயர் இருக்கும், பங்களாவின் பெயர் இருக்கும். உளியோடு மரத்தடியில் நிற்கும் பெண்ணுக்கு ‘தமிழ்க் கூலி’ என்பதே பெயர். கசந்தாலும் அந்தச் சொல்லையே தேடுபெட்டியில் இட்டாக வேண்டும். ‘தொழிலாளர்’ என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப் படங்கள் தப்பிவிடும்.

சில சமயம் பத்திரிகைதான் படத்துக்கு வழி. மலாயாவின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமலிருக்கப் புதுக்கிராமங்களின் வாயிலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைச் சோதித்தார்கள். செமினியில் பெண்களின் உடையைக் களைந்து சோதித்ததாகப் புகார் கிளம்பி, 1956-இல் விசாரணைக் குழு அமைந்து அறிக்கையும் வந்தது. இந்தச் சிற்றூரின் பெயர் தலைப்பிலேயே ஏறிய அரசாங்க அறிக்கை அது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஏடுகளைப் புரட்டித் தேதிகளைக் குறித்துக்கொண்டு, லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் மலாயாப் படங்களுக்குப் போகலாம். அங்கே ‘உணவுச் சோதனை’, ‘புதுக்கிராமம்’ என்ற சொற்கள் ஊர்ப்பெயரைவிட அதிகம் உதவும். ஆனால் வாயிலும் முள்வேலியும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். குறிப்பில் ஊர் இல்லாத படத்தைச் செமினி என்று பரப்புவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். முகநூலில் இது தாராளமாக நடக்கிறது.

பெயர்களோடு கூடிய படங்கள் வேண்டுமென்றால் உள்ளூரில்தான் தேட வேண்டும். ரிஞ்சிங், டொமினியன், செமினி ஆகிய தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் சுமக்கின்றன. ரிஞ்சிங்கில் வீடமைப்பே வந்துவிட்டது. பழைய பள்ளிக் குழுப் படங்களின் அடியில் ஆசிரியர், மாணவர் பெயர்களை இடமிருந்து வலமாக அச்சிடும் வழக்கம் உண்டு. லைடனிலும் கேம்பிரிட்ஜிலும் கிடைக்காத தகவல் அது. அவற்றை ஸ்கேன் செய்பவர்கள் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் எடுத்துவைப்பது நல்லது. ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.