சீட்டு இருந்தால் தங்க இடம்

மாசி மகம் நெருங்கினால் என் பெரியம்மா மகளின் கைப்பேசி ஓயாது. மலாக்கா, ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும் நாள் அது. ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். அக்காவிடம் தாமானில் ஒரு வரிசை வீடு இருக்கிறது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மாமா, ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடு. அவர் காலமானபின் அக்கா மகனோடு போய்விட்டார். இப்போது அந்த வீட்டின் இரும்புக் கேட்டில் நான்கு எண்களைத் திருப்பினால் திறக்கும் ஒரு சாவிப்பெட்டி தொங்குகிறது. மேலே, மகன் கணினியில் அச்சடித்து ஒட்டிய பலகை: ‘ஹோம்ஸ்டே’.

போன வருடம் அந்தப் பலகைக்குக் கீழே ஊராட்சி மன்றத்தின் அறிவிப்புக் கடிதம் ஒன்று செருகப்பட்டிருந்தது. லெசென் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம வீட்டுல நாலு பேரைத் தங்க வைக்க யாரைத் தம்பி கேக்கணும்? லயத்துலதான் துரையைக் கேட்டோம், இங்கேயுமா?”

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்டத்து லயத்து வீடு குடியிருந்தவனுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊரிலிருந்து மாமன் மச்சான் வந்து ஓர் இரவு படுத்தாலும் கிராணிக்குத் தெரிய வேண்டும் என்ற காலத்தை எங்கள் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அப்படி வளர்ந்தவர்களுக்கு ‘அனுமதி’ என்ற சொல்லே கசக்கும். ஆனால் விருந்தினரைத் தங்க வைக்கச் சீட்டு கேட்கும் வழக்கம் வெள்ளைக்காரத் துரையோடு வந்ததல்ல. இதே மலாக்காவில், அவன் கால் வைக்கும் முன்பே அது பிறந்துவிட்டது.

மலாக்கா சுல்தான்களின் துறைமுகத்தில் ஷாபண்டார் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டவருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு வணிகருக்கு ஒருவர், கிள்ளிங் என்று அழைக்கப்பட்ட நம் சோழமண்டலக் கரையாருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கும் ஒருவர். 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த போர்த்துகீசிய மருந்தாளர் தோமே பீரெஸ், அவர்களின் வேலையை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கப்பல் தலைவனை வரவேற்பது, தலைமை அமைச்சரான பெண்டஹாராவிடம் அழைத்துப் போவது, சரக்குக்குக் கிடங்கு ஒதுக்குவது, சுமைக்கு யானை ஏற்பாடு செய்வது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: ஆவணம் வைத்திருப்பவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது.

பாய்மரக் கப்பல் வந்த கையோடு திரும்ப முடியாது. காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டும். இந்த ஊரின் குறுகியகால வாடகை அங்கே தொடங்குகிறது. அந்நியன் கடன் வைத்துவிட்டு ஓடினால், அடிதடியில் இறங்கினால், நோயில் விழுந்தால், ஊரார் போய் நிற்க ஓர் ஆள் இருந்தார்; அவர் ஷாபண்டார். காற்று திரும்பிய பிறகும் போகாமல் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழியில் வந்தவர்கள்தாம் கம்போங் செட்டியின் மலாக்கா செட்டிகள். 1781இல் டச்சுக்காரர்களிடம் நிலம் பெற்றுப் பொய்யாத விநாயகருக்குக் கோயில் எழுப்பியது அவர்களின் தலைவர் தைவநாயகம் செட்டி. விருந்தாளியாக வந்தவர்கள் ஊர்க்காரர்களாகி, ஊருக்கே ஒரு கோயிலைக் கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

‘ஹோம்ஸ்டே’ என்ற சொல்லின் கதை வேறு. 1995இல் பகாங், தெமர்லோ வட்டாரத்துத் தேச மூர்னி கிராமங்களில் அரசு தொடங்கிய திட்டம் அது. விருந்தினர் வீட்டுக்காரரின் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைத்ததை உண்டு, அவர்கள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும், சுற்றுலா அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். சாவிப்பெட்டி தொங்கும் ஆளில்லா வீடு அந்தக் கணக்கில் வராது. சொல் மட்டும் நாடு முழுக்கப் பரவியது. வீட்டுக்காரர் காணாமல் போனார்.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பி இணையத்தளம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு இளைஞர்கள் வாடகை கட்டப் பணமில்லாமல், கூடத்தில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்க வைத்ததுதான் அதன் தொடக்கம். அன்றைக்கு அவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். தாமானில் இரவு இரண்டு மணிக்குக் கரவோக்கே. பக்கத்து வீட்டுக் கேட்டை மறித்து யாருடையதென்றே தெரியாத கார். அழைத்துச் சொல்ல ஓர் எண் கிடையாது.

கோலாலம்பூர் மோன் கியாராவில் வெர்வ் சுவீட்ஸ் அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம் இத்தகைய வாடகையைத் தடுத்து, மீறுவோருக்கு நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம் விதித்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போயிற்று. 2020 அக்டோபரில் கழகத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் நியூயார்க் மாநகரம் கொண்டுவந்த கெடுபிடியும் இதே வழியில்தான்: பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் உடன் தங்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. தெமர்லோ கிராமத்தில் 1995இல் சொன்னதை அவ்வளவு பெரிய நகரம் 28 ஆண்டு கழித்துச் சொல்லியிருக்கிறது.

தரை வீடுகளுக்கு நிர்வாகக் கழகம் இல்லை. அங்கே பொறுப்பு ஊராட்சி மன்றத்துடையது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவுதான் அதற்கு லெசென் கொடுக்கும், நிபந்தனை போடும், ரத்து செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. மலாக்காவில் வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என நான்கு மன்றங்கள் உண்டு. அவற்றிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒரே வீட்டை வைத்துக் காலம் தள்ளும் கைம்பெண்ணையும், மாடி மாடியாக அறை எடுத்து நடத்தும் நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். முதல் கடிதமே அபராதமாக வர வேண்டாம். படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்க ஓர் அதிகாரி வந்து போகட்டும். மீண்டும் மீண்டும் மீறுகிறவர்களிடம் கண்டிப்பைக் காட்டுங்கள்.

அக்காவிடம் ஷாபண்டார் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப ராத்திரியில பிரச்சினைன்னா பக்கத்து வீட்டு மக்சிக் என்னைத்தான கூப்பிடணும்?” என்றார். ஆமாம் என்றேன். மறுவாரம் விண்ணப்பம் கொடுத்தார். பழைய பலகையைக் கிழித்துவிட்டுத் தன் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதிக் கேட்டில் ஒட்டினார்.

லெசெனைக் கட்டடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்று அதே 107ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த மாசி மகத்துக்கு மலாக்காவில் வீடு தேடுகிறவர்களே, வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் லெசென் இருக்கிறதா என்று கேளுங்கள்.