தக்காவி, ரைத்து, கவுல்: நிவாரணத்தின் சொல்வரலாறு

பழைய வருவாய்த்துறைத் தமிழில் 'தக்காவிக் கடன்' என்றொரு தொடர் உண்டு. வறட்சியிலோ வெள்ளத்திலோ நொடித்துப்போன குடியானவருக்கு விதையும் மாடும் வாங்க அரசு தந்த முன்பணம் அது. அரபியில் 'வலுவூட்டல்' எனப் பொருள்படும் சொல், பாரசீக ஆட்சிமொழி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. எளிய உழவருக்கு முன்பணம் தந்து, அதைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறவேண்டும் என்று வருவாய் அலுவலருக்கு அயினி அக்பரி அறிவுறுத்துகிறது. ஆங்கிலேயர் அந்த வழக்கத்தைச் சட்டமாக்கினர்.

1876-78 பஞ்சத்திற்குப் பின் இரண்டு சட்டங்கள் வந்தன. 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு போன்ற நிலையான பணிகளுக்கானது. 1884ஆம் ஆண்டின் வேளாண்மையர் கடன் சட்டமே இடர்க்காலத்திற்கானது. தவணை தவறினால் நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்பதால், வலுவூட்ட வந்த பணமே ஜப்தியில் முடிவதும் உண்டு. ஆனால் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு சொற்றொடரை ஊன்றிப் படிக்க வேண்டும். கடன் பெறத் தக்கவர்களாக நிலத்தின் உரிமையாளர்களை மட்டுமன்றி, நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்போரையும் அது குறிப்பிடுகிறது. பிணை கேட்கும் நடைமுறை அவர்களை வடிகட்டியிருக்கலாம். சட்டத்தின் சொல் வடிகட்டவில்லை.

இனி ஐதராபாத்துக்கு வருவோம். 2018 மே 10 அன்று தெலங்கானா அரசு 'ரைத்து பந்து' திட்டத்தைத் தொடங்கியது. பருவத்திற்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய். மறு ஆண்டில் 5,000. திருப்பித் தரவேண்டியதில்லை. தக்காவியோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல்தான். ஆயினும் பணம் பட்டாதார் பாஸ்புத்தகத்தின் வழியே சென்றது. நிலவரம்பு வைக்கப்படாததால், நகரத்தில் வாழும் பெருநில உரிமையாளரும் பெற்றார். அந்நிலத்தை உழுத குத்தகையாளர் பெறவில்லை. குத்தகை என்பது இருவருக்கிடையிலான தனி ஏற்பாடு என்பது அரசு சொன்ன காரணம். 'ரைத்து'வின் அரபி மூலம் மேய்க்கப்படும் மந்தையையும், அதன் வழியே குடிமக்களையும் குறித்தது. குடி என்ற பொருளில் வந்த சொல், இத்திட்டத்தில் பட்டாதார் என்று சுருங்கிவிட்டது.

குத்தகையாளரைத் தெலுங்கில் 'கௌலு ரைத்து' என்பர். பழந்தமிழ் ஆவணங்களின் 'கவுல்' என்பதும் இதுவே. அரபியில் 'கௌல்' என்றால் சொல், வாக்கு. வாய்ச்சொல்லை நம்பிப் பயிரிடுபவரிடம் அரசு தாளைக் கேட்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2011ஆம் ஆண்டு உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் அந்தத் தாளைத் தர முயன்றது. கடன் தகுதி அட்டை அதன் விளைவு. ஆனால் ரைத்து பந்துவுக்கு அந்த அட்டை சான்றாக ஏற்கப்படவில்லை.

இறந்த பிறகும் தாள் தேவைப்படுகிறது. தற்கொலை செய்துகொண்ட உழவரின் குடும்பத்துக்கு 2004 ஜூன் 1ஆம் தேதி அரசாணை 421 ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. அதில் 50,000 கடன் தீர்க்க. 2015இல் தெலங்கானா அத்தொகையை ஆறு இலட்சமாக உயர்த்தியது. வருவாய், காவல், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளின் அலுவலர்கள் சாவின் காரணத்தை உறுதி செய்ய வேண்டும். கைமாற்றாக வாங்கிய கடனையும் வாய்மொழிக் குத்தகையையும் கைம்பெண் எதைக் காட்டி மெய்ப்பிப்பார்?

2023 தேர்தலில் குத்தகையாளருக்கும் சேர்த்து 'ரைத்து பரோசா' வாக்களிக்கப்பட்டது. 2025 ஜனவரி 26 அன்று அது ஆண்டுக்கு ஏக்கருக்கு 12,000 ரூபாயாக நடைமுறைக்கு வந்தபோது, நிலமற்ற கூலித் தொழிலாளருக்குத் தனித் திட்டம் இருந்தது. பட்டாதாருக்குப் பணம் இருந்தது. கௌலு ரைத்து இரண்டு பட்டியலுக்கும் வெளியே நின்றார்.